குதிகால் வலி: காலையில் முதல் அடி வைத்ததும் குத்துவது ஏன்? மாத்திரை, ஊசி இல்லாமல் என்ன செய்யலாம்?

விடியுமுன் எழுந்து, வாசல் தெளித்து, சோறு பொங்கித் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்ப வேண்டும். ஆனால் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைத்ததுமே குதிகாலில் ஆணி இறங்கியதுபோல ஒரு குத்து. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நாலு எட்டு வைத்த பிறகு கொஞ்சம் தேவலை. வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பும்போது மறுபடியும் அதே வலி.

தென்காசி மாவட்டம் வாசுதேவநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் எலுமிச்சையும் விளைகின்றன, விசைத்தறிகள் ஓடுகின்றன. வயலானாலும் தறிக்கூடமானாலும் கடைவீதியானாலும் வேலை பெரும்பாலும் நின்றுகொண்டோ நடந்துகொண்டோதான். "எந்திச்சதும் காலை ஊன முடியலை, முள்ளு குத்துன மாதிரி இருக்கு" என்று இங்கெல்லாம் சொல்லப்படும் வலிக்கு மருத்துவத்தில் 'பிளான்டார் ஃபேசியைடிஸ்' என்று பெயர். பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருகிறது என்பது பொதுவான கணக்கு. 40 முதல் 60 வயதுக்குள் அதிகம்.

பலரும் செய்வது, மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது. மாத்திரையின் வேகம் குறைந்ததும் வலி திரும்புகிறது. பிறகு ஊசி, எக்ஸ்ரே, "எலும்பு வளந்திருக்கு" என்ற பயம் என்று அலைச்சல் நீள்கிறது. ஆனால் இந்த வலி வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஊசியோ அறுவை சிகிச்சையோ இல்லாமலே, ஓராண்டுக்குள் குணமாகிவிடுகிறது. அந்தக் காலத்தைக் குறைக்கவும், வலியோடு வேலை பார்க்கும் அவதியைக் குறைக்கவும் வீட்டிலேயே செய்யக்கூடிய வழிகள் இருக்கின்றன. ஒரு துண்டும் ஒரு வாசப்படியும் போதும். கூடவே பொறுமை வேண்டும்.

குதிகாலில் என்ன நடக்கிறது?

குதிகால் எலும்பின் அடியிலிருந்து கிளம்பி, உள்ளங்கால் வழியாக ஐந்து விரல்களின் அடிப்பகுதி வரை விசிறிபோல் விரியும் தடித்த திசுப்பட்டை ஒன்று இருக்கிறது. அதுதான் பிளான்டார் ஃபேசியா. பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிப்பது இதன் வேலை. வில்லுக்கு நாண் எப்படியோ, பாத வளைவுக்கு இந்தப் பட்டை அப்படி.

நடக்கும்போது குதிகாலைத் தூக்கி, விரல்களை ஊன்றித் தள்ளுகிறோம் அல்லவா? அப்போது விரல்கள் மேல்நோக்கி மடங்க, பட்டை விறைத்து இழுபடுகிறது. உருளையில் கயிற்றைச் சுற்றிப் பளுவை இழுப்பதுபோன்ற இந்த இயக்கத்தை ஜே.எச். ஹிக்ஸ் என்பவர் 1954-இல் விளக்கினார். ஒவ்வோர் அடியிலும் இது நடக்கிறது. நாளெல்லாம் நின்று நடக்கும் கால்களில், குதிகால் எலும்போடு பட்டை சேரும் இடத்தில் இழுவிசை குவிகிறது. தாங்கும் அளவைத் தாண்டும்போது அந்த இடம் நைந்துபோகிறது.

காலையில் மட்டும் ஏன் இவ்வளவு வலி? தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தே கிடக்கிறது. கெண்டைக்கால் தசையும் பாதப் பட்டையும் சுருங்கிய நிலையில் பல மணி நேரம் இருக்கின்றன. எழுந்து முதல் அடி வைக்கும்போது உடம்பின் எடை முழுவதும் இறங்கி, சுருங்கிய பட்டையை ஒரே இழுப்பில் நீட்டுகிறது. நாலு எட்டு வைத்ததும் பட்டை தளர்வதால் வலி குறைகிறது. பஸ்ஸில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கும்போது குத்துவதற்கும் இதுவே காரணம்.

'எலும்பு முள்'தான் காரணமா?

எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பின் அடியில் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைக் காட்டினால் யாருக்கும் பயம்தான் வரும். அதுதான் குத்துகிறது, அதை வெட்டி எடுத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் குதிகால் வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரே எடுத்தால் இந்த முள் தெரியும். வலி உள்ள பலருக்கு முள் இருப்பதில்லை. வலி குணமான பிறகும் முள் அப்படியே இருக்கும். ஆகவே முள் தெரிகிறது என்பதற்காக மட்டும் அறுவை சிகிச்சை தேவையில்லை.

இன்னொரு விஷயம். 'ஐடிஸ்' என்று முடியும் பெயர் அழற்சியைக் குறிக்கும். ஆனால் நாள்பட்ட குதிகால் வலிக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட 50 பேரின் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2003-இல் வெளியான ஆய்வில், அழற்சியைவிடத் திசுச் சிதைவுதான் தென்பட்டது. நைந்துபோன திசு மீண்டும் வலுப்பெற வேண்டும் என்பதுதான் இங்கே தேவை. வலி மாத்திரை அழற்சியைக் குறைத்து வலியை மறைக்கலாம், திசுவை வலுவாக்காது. டாக்டரிடம் கேட்காமல் மாதக்கணக்கில் வாங்கிப் போட்டால் வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு என்று வேறு தொல்லைகள் சேரும்.

யாருக்கு அதிகம் வரும்?

அமெரிக்காவில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு மூன்று காரணங்களைச் சுட்டிக்காட்டியது. முதலாவது, கணுக்கால் மேல்நோக்கி மடங்காமல் இறுகியிருப்பது. கெண்டைக்கால் தசை இறுகியவர்களுக்கு இது வரும். மூன்றில் மிக வலுவான காரணம் இதுதான். இரண்டாவது, உடல் பருமன். பி.எம்.ஐ. 30-க்கு மேல் இருப்பவர்களுக்கு வாய்ப்பு 5 மடங்குக்கும் மேல். மூன்றாவது, வேலை நேரத்தில் பெரும்பகுதி நின்றுகொண்டே இருப்பது. இவர்களுக்கு வாய்ப்பு 3 மடங்குக்கும் மேல்.

திடீரென்று நடையைக் கூட்டுவதும் வலியைக் கிளப்பும். சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குக் கொடியேறியதும் 108 சுற்று என்று வேண்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி 'ஆடிச்சுற்று' வருவது இந்தப் பகுதியில் வழக்கம். வழக்கமாக அவ்வளவு நடக்காதவர்கள் வெறுங்காலில் ஒரே மூச்சாகச் சுற்றினால், பாதப் பட்டைக்கு அது பெரிய பளு. ஏற்கெனவே வலி இருப்பவர்கள் சுற்றுகளைப் பல நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

சுட்ட செங்கல், எருக்க இலை உதவுமா?

செங்கலைச் சுட்டு, அதன்மேல் எருக்க இலையை வைத்து, குதிகாலால் அழுத்தி ஒத்தடம் கொடுப்பது ஊர்ப்புறத்தில் காலங்காலமாக இருக்கும் கைவைத்தியம். சூடு பட்டால் தசை தளரும், இதமாக இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு வலி குறைவது உண்மைதான். ஆனால் நைந்த பட்டையை அது வலுப்படுத்தாது.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சூடு தெரியாமல் அழுத்திக்கொண்டே இருந்து குதிகால் வெந்துபோனால், ஆறாத புண்ணாகி, காலையே இழக்கும் நிலைகூட வரலாம். சர்க்கரை உள்ளவர்கள் செங்கல் ஒத்தடத்தை அறவே தவிர்க்க வேண்டும். எருக்கம்பால் தோலில் பட்டால் எரிச்சல் தரும். கண்ணில் படவே கூடாது. மற்றவர்கள் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். தண்ணீர் பாட்டிலை ஃபிரிட்ஜில் உறையவைத்து, துணி சுற்றி, அதன்மேல் உள்ளங்காலை 10 நிமிடம் உருட்டுவதும் சிலருக்கு இதம் தரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஐஸும் வேண்டாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று பயிற்சிகள்

1. பாயை விட்டு எழும்முன் பட்டையை நீட்டுதல்

படுக்கையிலேயே உட்கார்ந்து, வலிக்கும் காலைத் தூக்கி மற்றக் கால் முழங்கால்மேல் வையுங்கள். கையால் கால் விரல்களைப் பிடித்து, முன்னங்காலை நோக்கி மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். மற்றக் கையால் உள்ளங்காலைத் தொட்டால் பட்டை கயிறுபோல விறைப்பது தெரியும். 10 எண்ணும்வரை பிடித்து, விடுங்கள். இப்படி 10 முறை. நாளுக்கு 3 வேளை. அதில் முதல் வேளை கட்டாயம் காலையில் தரையில் கால் வைக்கும் முன்பாக இருக்க வேண்டும்.

இது கேட்பதற்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்காவில் நாள்பட்ட வலி கொண்ட 101 பேரிடம் நடத்தி 2003-இல் வெளியான ஆய்வில், 8 வாரங்களில் கெண்டைக்காலை மட்டும் நீட்டியவர்களைவிட இந்தப் பயிற்சி செய்தவர்களுக்குக் காலை வலி நன்றாகக் குறைந்தது.

2. சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை நீட்டுதல்

சுவரில் இரு கைகளையும் ஊன்றுங்கள். வலிக்கும் கால் பின்னால், மற்றக் கால் முன்னால். பின்காலின் முட்டியை மடக்காமல், குதிகால் தரையை விட்டு எழாமல், முன்னால் சாயுங்கள். கெண்டைக்காலில் இழுவை தெரியும். 30 எண்ணும்வரை நின்று விடுங்கள். பிறகு பின்கால் முட்டியைக் கொஞ்சம் மடக்கி அதையே செய்யுங்கள். ஒவ்வொன்றும் 3 முறை. அடுப்பில் உலை கொதிக்கும் நேரம் இதற்குப் போதும்.

3. வாசப்படியில் குதிகாலைத் தூக்கி இறக்குதல்

நீட்டுவது வலியைத் தணிக்கும். பட்டைக்கு வலு தருவது இந்தப் பயிற்சிதான். ஒரு துண்டைச் சுருட்டி வாசப்படியின் ஓரத்தில் வையுங்கள். கால் விரல்கள் அந்தச் சுருளின்மேல் மேல்நோக்கி மடங்கியிருக்கும்படி நில்லுங்கள். குதிகால் படிக்கு வெளியே இருக்கட்டும். சுவரையோ நிலையையோ பிடித்துக்கொள்ளுங்கள். 3 எண்ணி மெதுவாகக் குதிகாலைத் தூக்கி, 2 எண்ணும்வரை நின்று, 3 எண்ணி மெதுவாக இறக்குங்கள். 12 முறை ஒரு சுற்று. மூன்று சுற்றுகள், ஒருநாள் விட்டு ஒருநாள்.

வலிக்கும் ஒற்றைக் காலில் செய்வதுதான் முறை. முடியாவிட்டால் இரண்டு காலிலும் நின்று தொடங்கி, போகப்போக ஒற்றைக் காலுக்கு மாறலாம். சுலபமாக வந்துவிட்டால், முதுகுப் பையில் புத்தகங்களையோ அரிசியையோ போட்டு மாட்டிக்கொண்டு எடையைக் கூட்ட வேண்டும். டென்மார்க்கில் 48 பேரிடம் நடந்த ஆய்வில், 3 மாதங்களில் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இதைச் செய்தவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது. ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். அதாவது, சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்களுக்கு இது லாபம்.

பயிற்சியின்போது லேசான வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வலி முன்பைவிடக் கூடினால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

செருப்பு மாற்றினால் சரியாகுமா?

தேய்ந்துபோன ரப்பர் செருப்பும், சிமென்ட், டைல்ஸ் தரையில் வெறுங்காலில் நடப்பதும் வலியைக் கூட்டும். வலி இருக்கும் மாதங்களில் வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. "வீட்டுக்குள்ள செருப்பா?" என்று பெரியவர்கள் முகம் சுளித்தால், பூஜை அறைக்கு வெளியே கழற்றிவிட்டால் போயிற்று.

கடைகளில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த நுண்ணறை ரப்பர் காலணிக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்டும் உடன் பணியாற்றியவர்களும், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் வராமல் காக்க இத்தகைய காலணிகளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அது சர்க்கரை நோயாளிகளுக்கும், குதிகால் வலிக்காரர்களுக்கும் வந்து சேர்ந்தது. அது அழுத்தத்தைப் பரப்பி இதம் தரும். ஆனால் பயிற்சிக்கு மாற்று ஆகாது.

காலுக்கு அளவெடுத்துச் செய்யும் விலை உயர்ந்த உள்பட்டைகள் தேவையா? ஆஸ்திரேலியாவில் 135 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியான ஆய்வில், அளவெடுத்துச் செய்ததும் கடையில் கிடைக்கும் ஆயத்த உள்பட்டையும் கிட்டத்தட்ட ஒரே பலனைத்தான் தந்தன. அதுவும் முதல் சில மாதங்களுக்கு மட்டும். எனவே முதலில் சாதாரண உள்பட்டையை வாங்கிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

பிசியோதெரபிஸ்ட் உதவியோடு உள்ளங்காலில் ஒட்டும் டேப்பும் முதல் ஓரிரு வாரங்களுக்கு நல்ல நிவாரணம் தரும். நடவு, அறுவடை என்று வேலையைத் தள்ளிப்போட முடியாத நாள்களில் இது கைகொடுக்கும்.

'ஷாக் வேவ்' சிகிச்சை என்றால் என்ன?

பெயரைக் கேட்டு கரன்ட் ஷாக் என்று பயப்பட வேண்டாம். சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்தே அதிர்வலையால் உடைக்கும் முறை 1980-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலில் நோயாளிக்குச் செய்யப்பட்டது. அதே வகை அலையை, குறைந்த வேகத்தில் குதிகாலில் செலுத்தித் திசு ஆறுவதைத் தூண்டுவதுதான் ஷாக் வேவ். குதிகால் வலிக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2000-இல் ஒப்புதல் அளித்தது. பொதுவாக வாரம் ஒன்று வீதம் மூன்று முதல் ஐந்து அமர்வுகள் இருக்கும். மயக்க மருந்தோ அறுவையோ இல்லை, செய்யும்போது வலிக்கும்.

பலன்? ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2002-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் போலி சிகிச்சையைவிட எந்தப் பலனும் தெரியவில்லை. பிறகு வந்த சில பெரிய ஆய்வுகளில் பலன் தெரிந்தது. 2021-இல் வெளியான பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழின் வழிகாட்டல் இதற்கு ஒரு வரிசை சொல்கிறது: முதலில் நீட்டும் பயிற்சி, டேப், நோயைப் பற்றிய புரிதல், அதில் போதிய முன்னேற்றம் இல்லாதவர்களுக்கே ஷாக் வேவ், அதற்கும் பிறகே அளவெடுத்த உள்பட்டை. ஆகவே முதல் நாளே "பத்து சிட்டிங் பேக்கேஜ்" என்று யாராவது பணம் கட்டச் சொன்னால், பயிற்சியை முறையாகச் செய்து பார்த்தோமா என்று யோசித்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் இந்தச் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டும்.

'அல்ட்ராசவுண்ட்' என்று குதிகாலில் ஜெல் தடவித் தேய்க்கும் கருவி இன்னொன்று. நீட்டும் பயிற்சியின் பலனைக் கூட்ட இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க இயன்முறை சிகிச்சையாளர்களின் 2023 வழிகாட்டல் கூறிவிட்டது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலிந்துபோகவும் வாய்ப்புண்டு.

"ரெஸ்ட் எடுங்க" என்றால் கூலி யார் தருவார்?

குதிகால் வலிக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரை, "நிக்காதீங்க, ரெஸ்ட் எடுங்க." நாள்கூலி வாங்குபவருக்கு ஒருநாள் ரெஸ்ட் என்றால் ஒருநாள் சம்பளம் போச்சு. முழு ஓய்வு தேவையும் இல்லை. ஒரே மூச்சாக நிற்பதை உடைப்பதுதான் முக்கியம். மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் உட்கார்ந்து விரல்களை இழுத்துவிடுவது, நிற்கும் இடத்தில் ரப்பர் பாய் போடுவது, பளு தூக்கி நடக்கும் வேலையைச் சில வாரங்களுக்கு மற்றொருவரோடு மாற்றிக்கொள்வது எல்லாம் சிகிச்சையின் பகுதிதான்.

இதில் சட்டமும் துணை நிற்கிறது. ஜவுளிக் கடை, நகைக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்ப்பவர்களுக்காக, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. கேரளம் 2018-இலேயே இப்படித் திருத்தம் செய்துவிட்டது. நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கு உட்கார வசதி வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆவது பிரிவிலும் இடம்பெற்றிருந்தது. கடையில் ஸ்டூல் இருந்தும் "உட்கார்ந்தா ஓனர் ஏசுவாரு" என்று நின்றுகொண்டிருப்பவர்கள், அது சலுகை இல்லை, உரிமை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வயலுக்கும் களத்துக்கும் இந்தச் சட்டம் வராது. அங்கே வேலை வாங்குபவரின் மனசும், சேர்ந்து வேலை செய்பவர்களின் ஒத்தாசையும்தான் வழி.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

எல்லாக் குதிகால் வலியும் இதே நோய் என்று இருந்துவிடக் கூடாது. கீழ்க்கண்டவை இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்:

- ராத்திரி படுத்திருக்கும்போதும் விடாமல் வலிப்பது
- குதிகால் வீங்கி, சிவந்து, சூடாக இருப்பது; காய்ச்சல் வருவது
- பாதத்தில் மரத்துப்போதல், எரிச்சல், மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு
- குதிகாலை இரு பக்கமும் அழுத்தினால் கடுமையாக வலிப்பது. இது எலும்பில் கீறலாக இருக்கலாம்
- இளம் வயதில் இரண்டு குதிகாலும் வலிப்பதோடு, காலையில் இடுப்பும் முதுகும் வெகுநேரம் விறைத்திருப்பது. இது ஒருவகை வாத நோயாக இருக்கலாம்
- நடக்கும்போது 'பட்'டென்று அறுந்ததுபோல் உணர்ந்து, திடீரென்று வலி கூடுவது
- சர்க்கரை நோய் இருப்பது

முதலில் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். தேவைப்பட்டால் தென்காசி மாவட்ட அரசு மருத்துவமனைக்கோ, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தருவதும் ஒரு பகுதி. பயிற்சியை ஒருமுறை பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்துகாட்டித் திருத்திக்கொண்டால், பிறகு வீட்டிலேயே தொடரலாம்.

எத்தனை நாளில் சரியாகும்?

பலரும் தோற்பது இந்த இடத்தில்தான். ஒரு வாரம் பயிற்சி செய்துவிட்டு "ஒண்ணும் கேக்கலை" என்று விட்டுவிடுவார்கள். அல்லது வலி கொஞ்சம் குறைந்ததும் "விட்டுடுச்சு" என்று நிறுத்திவிடுவார்கள். திசு மெதுவாகத்தான் வலுப்பெறும். காலை வலியில் மாற்றம் தெரியவே சில வாரங்கள் ஆகும். முழுவதும் தேற மூன்று மாதங்களிலிருந்து ஓராண்டு வரை ஆகலாம். நடுவே ஒருநாள் வலி கூடினால் எல்லாம் வீணாகிவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை.

வீட்டுக் காலண்டரில் தினமும் காலை முதல் அடியின் வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு மார்க் போட்டு வாருங்கள். நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியாது. போன மாதத்தாளைப் புரட்டிப் பார்த்தால் தெரியும். மூன்று மாதம் விடாமல் செய்தும் அந்த எண் இறங்கவே இல்லை என்றால், அதே தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க அது அவருக்கும் உதவும்.